பெட்டிச் சில்லின் சுவடு

வவுனியாவுக்கு வடக்கே, ஒரு சிறு குளத்தின் கீழுள்ள வயல்வெளியொன்றை நாம் பல்லாண்டுகளாக அறிவோம். பாடசாலைக்குச் செல்லும் ஒழுங்கை அதன் ஓரமாகவே போகிறது. குளத்தில் நீர் குறைந்துவிட்டபடியால், சிறுபோக நெல்லைக் கைவிட்டுப் பயறு விதைத்திருந்தார்கள் ஓராண்டு. அந்தப் பச்சைப் பயிரின் நடுவே, அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் இரண்டு மஞ்சட் கோடுகள், ஐந்தடி இடைவெளியில், வயலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை சமாந்தரமாக ஓடக் கண்டோம். கோட்டின்மேல் நின்ற செடிகள் அயற்செடிகளின் அரைவாசி உயரமும் இல்லை.

நோயென்றே நாம் எண்ணினோம். வரம்பில் நின்ற கமக்காரப் பெரியவர் சிரித்தார். "நோயில்லை மாஸ்ரர். உது மாசியிலை மழைக்குள்ளாலை பெட்டி போன பாதை" என்றார்.

பெட்டி என்று அவர் சொன்னது, உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபட்டுச் செல்லும் இரண்டு சில்லுப் பெட்டியை. அறுவடைக் காலத்தில் பருவந்தப்பிய மழை பெய்தது. நெல் மூட்டைகள் நனையாமல் வீடு சேரவேண்டுமே என்ற அவதியில் பெட்டியை வயலுக்குள்ளேயே இறக்கினார்கள். மூட்டைகள் தப்பின. மண் தப்பவில்லை. அது நடந்து மூன்று மாதங்களின் பின், உழவும் விதைப்பும் முடிந்த பிறகும், அந்தப் பாதை அழியாமலே கிடந்தது.

மறுநாள் எட்டாம் வகுப்பு மாணவரை மண்வெட்டியுடன் அழைத்துச் சென்றோம். பெரியவரின் அனுமதியோடு கோட்டின்மேல் ஒரு குழியும், அதற்கு நாலடி தள்ளி இன்னொரு குழியும் வெட்டினோம். தள்ளி வெட்டிய குழியில் மண் உதிர்ந்து வந்தது. பயற்றின் ஆணிவேர் ஒரு சாண் ஆழத்துக்கு நேராகச் சென்றிருந்தது. கோட்டின்மேல் வெட்டிய குழியிலோ நாலு விரல் ஆழத்திலேயே மண்வெட்டி தெறித்தது. அங்கு மண் தட்டுத் தட்டாகப் பெயர்ந்தது. அந்தத் தட்டைத் தொட்டதும் வேர் ஊடுருவ இயலாமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. "சேர், ‘ட’ எழுத்துப் போலை இருக்குது" என்றாள் ஒரு மாணவி. அதனிலும் சிறப்பாக நம்மால் விளக்கியிருக்க முடியாது.

நல்ல மண்ணின் கனவளவில் ஏறத்தாழ அரைப்பங்குதான் திண்மப் பொருள். மற்ற அரைப்பங்கு வெற்றிடம். அதிலேதான் நீரும் காற்றும் இருக்கின்றன, வேரும் புழுவும் நடமாடுகின்றன. பாரம் அழுத்தும்போது மணற்றுணிக்கை நசுங்குவதில்லை, அந்த வெற்றிடமே நசுங்குகிறது. அதிலும் பெரிய துளைகளே முதலில் மூடுகின்றன. வன்னியின் செம்பழுப்பு மண் ஈரத்தில் ஒட்டும், காய்ந்தாற் கல்லாகும். ஈர மண்ணைச் சில்லு பிசைந்துவிட்டுப் போக, பங்குனி வெயில் அதைச் சுட்டுவிடுகிறது. குயவன் செய்வதும் இதுதானே!

இங்கே பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "வயலுக்கு அடி இறுகத்தானே வேணும் மாஸ்ரர்? இல்லாட்டித் தண்ணி நிக்குமே?" நாம் சற்றுத் திகைத்தோம். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. நெல்வயலின் அடியில், உழவு ஆழத்துக்குக் கீழே, ஓர் இறுகிய படை வேண்டும். எருமையும் மாடும் கலப்பையும் தலைமுறை தலைமுறையாக மிதித்தும் உழுதும் ஆக்கிய படை அது. அதுவே நீரைத் தாங்குகிறது. மேலைநாட்டுக் கோதுமை வயலுக்கு எழுதிய பாடத்தை அப்படியே கொண்டுவந்து நம் வயலில் ஒப்புவிப்பது அறிவுடைமையன்று. ஆனால் அந்தப் படை ஒரே மட்டமாக, உழவுக்குக் கீழே இருக்கும்வரைதான் நன்மை. சேற்றிலே புதையும் சில்லு அந்தப் படையை ஓரிடத்தில் உடைத்துப் பள்ளமாக்குகிறது. இன்னோரிடத்தில் மேல்மண்ணையே இறுக்கிவிடுகிறது. அடுத்த போகத்தில் நீர் ஒருபுறம் தேங்கும், மறுபுறம் வடியும். நெல்லுக்குப் பின் பயறோ உழுந்தோ விதைக்கும் ஏழைக்கு இரட்டை நட்டம். இவ்வளவையும் சொன்னபின்பே பெரியவர் தலையசைத்தார். எமது பாடத்தை அவருடைய கேள்வி திருத்திக் கொடுத்தது என்றே சொல்லவேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். பெட்டியின் சொந்தக்காரரைக் கெஞ்சிக் கேட்டு, நாற்பது மூட்டை ஏற்றிய பெட்டியைப் பாடசாலை வாயிலில் ஐந்து நிமிடம் நிறுத்தினோம். சில்லைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடி தூவி, பெட்டி நகர்ந்தபின் எஞ்சிய வெற்றிடத்தின்மேல் வரைபுத் தாளை விரித்துச் சதுரங்களை எண்ணினார்கள் மாணவர்கள். ஏறத்தாழ 350 சதுர சென்ரிமீற்றர் வந்தது. ஓர் அப்பியாசக் கொப்பியிலும் சற்றே பெரிது. பெட்டியும் நெல்லுமாக ஒரு சில்லின்மேல் ஏறியிருந்த பாரம் 1,500 கிலோவுக்குக் குறையாது. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நாலு கிலோவுக்கு மேல். ரயரிலிருந்த காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல். அதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். இது தற்செயலன்று. ரயர் மண்ணைத் தொடுமிடத்தில் கொடுக்கும் அமுக்கம், உள்ளேயிருக்கும் காற்றின் அமுக்கத்தை ஒட்டியே அமைகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் மனிதன் கொடுக்கும் அமுக்கம் இதில் ஒரு சிறு பங்குதான்.

அப்படியாயின் காற்றைக் குறைத்துவிட்டாற் போதாதா என்று மாணவர் கேட்டனர். ஒடுங்கிய ரயரில் காற்றைக் குறைத்தால் அதன் பக்கச்சுவர் மடிந்து, சூடேறி, வெடித்துப்போகும். அதே பாரத்தைக் குறைந்த அமுக்கத்தில் தாங்குவதற்கு நிறையக் காற்றுக் கொள்ளும் வயிறு வேண்டும். அகன்ற ரயரின் பயன் அதுவே. 400 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயரில், மெதுவாகச் செல்லும் பெட்டிக்கு, 20 அல்லது 25 இறாத்தல் அமுக்கம் போதுமானால், ஒரு கொப்பியின்மேல் நின்ற பாரம் மூன்று கொப்பிகளுக்குக் கிட்டப் பரவிவிடும். அகன்ற ரயரை வாங்கிப் பூட்டிவிட்டு, பழைய வழக்கப்படி 60 இறாத்தல் அடித்துவிட்டால் வாங்கிய காசு வீண்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. அகன்ற ரயர் காப்பது மேல்மண்ணையே. ஆழத்துக்குச் செல்லும் அமுக்கத்தை நிர்ணயிப்பது மொத்தப் பாரம். 2022இல் தோமஸ் கெல்லர், டானி ஓர் என்ற இரு மண்ணியலாளர் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் திடுக்கிடும்படி காட்டியது. 1958இல் நாலு தொன் அளவிலிருந்த அறுவடை இயந்திரம், நெல்லோ கோதுமையோ நிரம்பிய நிலையில், 2020இல் 36 தொன்னை எட்டிவிட்டது. ரயர்களும் கூடவே அகன்றதால் மேற்பரப்பின் அமுக்கம் பெரிதாகக் கூடவில்லை. அடிமண்ணின் அமுக்கமோ பன்மடங்காகியது. பூமியில் நடந்த மிகப் பெரிய தாவரவுண்ணி டைனோசர்களின் நிறையை நமது இயந்திரங்கள் எட்டுகின்றன என்று அவர்கள் எழுதினார்கள். மேல்மண்ணை உழுது இளக்கலாம். அரை மீற்றருக்குக் கீழே இறுகிய மண் பல பத்தாண்டுகளுக்கு மீளாது. அகன்ற ரயர் கிடைத்துவிட்டது என்று நாற்பது மூட்டைக்குப் பதில் அறுபது ஏற்றுவோமாயின், கேட்டை நாலு விரல் ஆழத்திலிருந்து இரண்டு சாண் ஆழத்துக்கு அனுப்பிவைத்தவர்களாவோம், அவ்வளவுதான்.

இத்தனையும் தெரிந்தபின் ஏன் ஒருவரும் ரயரை மாற்றவில்லை? இதற்கு விடை மண்ணியலில் இல்லை. மண் ஒருவருடையது, சில்லு இன்னொருவருடையது. பெட்டிக்காரருக்குக் கூலி நடைக்கணக்கில். ஒரு நடையில் எத்தனை மூட்டை ஏறுகிறதோ அத்தனைக்கு அவருக்கு எரிபொருள் மிச்சம். வயலுக்குள் பெட்டி ஓடுவது இருநூறு யார். தார் வீதியில் ஓடுவது ஆறு மைல். வீதிக்கு ஏற்றது காற்று நிறைந்த ஒடுங்கிய ரயர். அவரும் பெருஞ்செல்வரல்லர், இயந்திரத்துக்குத் தவணைக் காசு கட்டுகிறவர். அகன்ற ரயருக்கு றிம் மாற்றவேண்டும், அச்சை நீட்டவேண்டும், இல்லாவிடில் ரயர் பெட்டியில் உரசும். இச்செலவின் பலன் இன்னொருவனின் பயற்றுச் செடிக்குப் போவதானால் அவர் ஏன் செய்வார்? வயலைச் செய்பவரோ பல இடங்களில் ஒரு போகக் குத்தகைக்காரர். அடுத்த ஆண்டு அந்த மண் தமக்கா பிறருக்கா என்று அறியாதவர் அதன் அடிப்படையைப் பற்றிக் கவலைப்படுவாரா? நிலச்சொந்தக்காரர் கொழும்பிலோ இலண்டனிலோ இருக்கிறார்.

பெட்டியை வயலுக்குள் விடாமல் ஒழுங்கையிலேயே நிறுத்தலாம் என்று நாம் ஒரு கூட்டத்தில் பேசினோம். பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்து, "அப்ப இருநூறு யாருக்கு மூட்டையை ஆர் சுமக்கிறது? மண்ணுக்கு நோகும் எண்டு சொல்லுறியள், எங்கடை நாரிக்கு நோகாதோ?" என்றார். நாம் வாயடைத்து நின்றோம். புத்தகத்தைப் பார்த்துப் பேசுகிறவனுக்கு அப்படியொரு அடி வேண்டியதுதான்.

ரப்பர் விளையாத நாட்டிலே இந்தத் தட்டுப்பாடு இருந்தால் புரிந்துகொள்ளலாம். 1876இல் ஹெனரத்கொடவில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கியது நமது ரப்பரின் கதை. 1932இல் அமெரிக்காவின் அலிஸ்-சால்மர்ஸ் கம்பனி உழவு இயந்திரத்தின் இரும்புச் சில்லைக் கழற்றிக் காற்று ரயரைப் பூட்டியபோது, அந்த ரயர்களுக்கு வேண்டிய பால், இலங்கை, மலாயா போன்ற நாடுகளின் தோட்டத் தொழிலாளர் வெட்டிய மரங்களிலிருந்தே வந்தது. 1952இல் சீனத்தோடு செய்த உடன்படிக்கையில் இதே ரப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினோம். இன்றும் பாரந்தூக்கி வண்டிகளுக்கான திண்ம ரயர்களை உலகுக்கு ஏற்றுமதி செய்வோரில் முன்வரிசையில் நிற்கிறோம். 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்தபோது மண்ணின் நலம் பற்றிப் பேசாத வாயில்லை. அப்போதும் சில்லைப் பற்றி ஒருவரும் பேசியதாக நினைவில்லை.

அந்த இளைஞரின் கேள்விக்கு விடை கண்டவர் பெரியவர்தான். வயலின் ஒரு பக்கத்தில், வரம்போரமாக, ஒரே ஒரு பாதையை விட்டுக்கொடுப்பது. பெட்டி எத்தனை முறை வந்தாலும் அந்தச் சுவட்டிலேயே போவது. முதல் ஓட்டத்திலேயே மண் பெரும்பங்கு இறுகிவிடுகிறபடியால், இறுகிய இடத்திலேயே மீண்டும் ஓடுவது பெரும் இழப்பன்று. பயறு விதைக்கும்போது அவ்விரண்டு கோட்டையும் வெறுமையாக விட்டார்கள். சுமக்கும் தூரம் இருநூறு யாரிலிருந்து ஐம்பதாகக் குறைந்தது.

ரயர் விடயம் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் மூன்று முறை வந்தது. கடைசியில் ஒரு பெட்டிக்கு மட்டும் அகன்ற ரயரும் றிம்மும் அமைப்பின் பொதுப்பணத்தில் வாங்குவதென்றும், அந்தப் பெட்டி வயலிலிருந்து ஒழுங்கைவரை மட்டும் ஓடுவதென்றும், வீதிக்கு மற்றப் பெட்டிகளில் மாற்றி ஏற்றுவதென்றும் முடிவாயிற்று. முப்பது மூட்டைக்கு மேல் ஏற்றலாகாது என்றும் எழுதினார்கள். மாற்றி ஏற்றும் கூலி யார் தலையில் விழுவது என்பதில் இரண்டு மணிநேரம் வாக்குவாதம் நடந்தது. பாதி பெட்டிக்காரர், பாதி நெற்காரர் என்று ஒப்பேறியது.

காற்றமுக்கம் பார்க்கும் மானியொன்றை வாங்கிப் பாடசாலையில் வைத்திருக்கிறோம். சென்ற மாசியில் அறுவடைக்கு முதல்நாள் மாலை, பெட்டிக்காரர் அதைக் கேட்டு வந்தார். அளந்து பார்த்ததில் 45 இறாத்தல் இருந்தது. "கடைக்காரப் பெடியன் பழக்கத்திலை அடிச்சுப்போட்டான் மாஸ்ரர்" என்றபடி குந்தியிருந்து, வால்வை அமத்தி, இருபத்தைந்து வரும்வரை காற்றைத் திறந்துவிட்டார்.