அனாமத்துக் கணக்கில் போட்ட வார்னிங்

பி.காம் முதல் வருடத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான். இருப்பாய்வு போட்டு முடித்தால் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒட்டாது. நாற்பது ரூபாய் உதைக்கும். தேடித் தேடி மண்டை காய்ந்ததும் அந்த நாற்பதை அனாமத்துக் கணக்கில் தூக்கிப் போட்டால், அப்பாடா, டேலி! தப்பு மட்டும் போட்ட இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

நிரல் எழுதுபவர்களிடமும் இதே வியாதி உண்டு. அங்கே அதற்குப் பெயர், வார்னிங்கை அடக்குவது. அதிலும் இயங்குதளத்தின் டீபக் வரிகளில் வரும் வார்னிங் என்றால் யாருக்குமே பொறுமை இருப்பதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. லினக்ஸ் இயங்குதளத்தின் உள்மையம் கர்னல். அது பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, "இங்கே வந்தாச்சு, இந்த எண்ணின் மதிப்பு இவ்வளவு" என்று செய்தி எழுதும் டீபக் வரிகளை வழியெங்கும் தூவி வைத்திருப்பார்கள். சாதாரண நாட்களில் அவை அணைந்திருக்கும். நிரலை ஓட்டாமல், வெறுமனே படித்துப் பார்த்தே சந்தேகம் கிளப்பும் கருவிகளும் உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் தொடங்கிய ஸ்பார்ஸ், அப்புறம் ஸ்மாட்ச், கவரிட்டி எனப் பல. கம்பைலரே பாதி வேலையைச் செய்துவிடும். ஆடிட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்று வியாபாரம் பார்க்க மாட்டார். பேரேட்டைப் புரட்டியே கேள்வி கேட்பார்.

கர்னலுக்குள் புதிதாகக் கைவைக்கும் மாணவன் ஒருவனைக் கற்பனை செய்யுங்கள். பெரிய வேலை தெரியாது. வார்னிங் ஒன்றைச் சரிசெய்து பேட்ச் அனுப்பினால் பெயர் வரும். அவனுக்கு முதலில் மாட்டுவது இந்த டீபக் வரிகள்தான்.

முதல் வகை: "இந்த வேரியபிளை யாரும் பயன்படுத்தவில்லை." அவனுக்கு ஒரே ஆச்சரியம். கண்ணெதிரே லாக் வரியில் இருக்கிறதே! காரணம் எளிது. டீபக்கை அணைத்ததும் அந்த மேக்ரோ வெறுமையாகிவிடுகிறது. வரியே காணாமல் போனபின் வேரியபிள் எதற்கு? அவன் வேரியபிளை அழித்துவிடுவான். வார்னிங் போச்சு. ஆறு மாதம் கழித்து யாரோ டீபக்கை இயக்கினால் கம்பைல்கூட ஆகாது.

கர்னல்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து அழகானது. நோ_பிரிண்ட்கே என்ற மேக்ரோ. அது லாக் வரியை அழிப்பதில்லை. எப்போதும் பொய்யாகவே இருக்கும் ஒரு நிபந்தனைக்குள் வைத்துவிடுகிறது. அதனால் வரி ஒருநாளும் ஓடாது. ஆனால் கம்பைலர் அதைப் படிக்கும், வேரியபிள் இருக்கிறதா, வடிவம் பொருந்துகிறதா என்று சோதிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: லாக் வரியின் அடைப்புக்குள் உண்மையான வேலை எதையும் செய்யக்கூடாது. கருவியின் நிலையைப் படிக்கும் அழைப்பை அங்கே வைத்திருந்தால், டீபக்கை அணைத்ததும் அந்த வேலையும் நின்றுவிடும்.

இரண்டாம் வகை: வடிவம் பொருந்தவில்லை. நினைவக அளவைக் குறிக்கும் எண்ணைச் சாதாரண முழு எண்ணாக அச்சிடச் சொல்லியிருப்பார்கள். 32 பிட் கணினியில் அகலம் ஒன்றாக இருப்பதால் வண்டி ஓடும். 64 பிட்டில் அளவு 8 பைட், முழு எண் 4 பைட். மாற்று வகையைத் திணித்து வாயை அடைக்கலாம். அதற்கென்றே உள்ள சரியான குறியைப் போடுவதும் அதே இரண்டு நிமிட வேலைதான்.

மூன்றாம் வகைதான் விவகாரமானது: "பாயிண்டரைப் பயன்படுத்திவிட்டு, அப்புறம் அது காலியா என்று சோதிக்கிறாய்." செயற்கூற்றின் தலையிலேயே சாதனத்தின் பெயரை அச்சிடும் லாக் வரி, அதற்குக் கீழே சாதனம் இருக்கிறதா என்ற சோதனை. சும்மா லாக் வரிதானே என்று தோன்றும். 2009இல் லினக்ஸின் டன் டிரைவரில் என்ன நடந்தது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது. அங்கே தவறு செய்தது லாக் வரியல்ல, ஒரு சாதாரண அறிவிப்பு வரி. பாயிண்டருக்குள் இருந்ததை முதலில் எடுத்தது. சோதனை அதற்குப் பின்னால் வந்தது. ஜிசிசி கம்பைலர் யோசித்தது: "ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டது, ஆகவே காலியாக இருக்க முடியாது, சோதனை வீண்." சோதனையையே நீக்கிவிட்டது! அந்த ஓட்டை வழியாகச் சாதாரணப் பயனாளர் ரூட் அதிகாரம் பெறலாம் என்று பிராட் ஸ்பெங்லர் 2009 ஜூலையில் செய்து காட்டினார். வரிகளின் வரிசையை மாற்றியதே தீர்வு. இப்படிச் சோதனைகளை நீக்கக்கூடாது என்று கம்பைலருக்கு உத்தரவிடும் வழக்கமும் கர்னலில் வந்தது.

அப்படியானால் எல்லா வார்னிங்குக்கும் கீழ்ப்படிய வேண்டுமா? அதுவும் ஆபத்து. டெபியனின் கதை அதற்குச் சாட்சி. இது கர்னல் அல்ல, இயங்குதளத்தோடு வரும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம். கருவியும் நிரலை ஓட்டிப் பார்க்கும் வால்கிரிண்ட். பாடம் ஒன்றுதான். மதிப்பு தராத நினைவகத்தைப் படிக்கிறது என்று கருவி புலம்பியது. 2006இல் பராமரிப்பாளர் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்த இரண்டு வரிகளை நீக்கினார். அவர் அவசரக்காரரும் அல்ல. மடல் குழுவில் கேட்டார். பிழை தேட உதவுமென்றால் எடுக்கலாம் என்ற தொனியில் பதிலும் வந்தது. இரண்டில் ஒன்று போனால் நஷ்டமில்லை. மற்றொன்றுதான் ரகசியச் சாவிக்கான தற்செயல் தன்மையைக் கலக்கும் வரி. அது போனதும் மிஞ்சியது செயல்முறை எண் மட்டும். அதிகபட்சம் 32,768 சாத்தியங்கள். லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று அறிவிப்பு வந்தது. டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தக் காலத்தில் உருவான சாவிகளை எல்லாம் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. வார்னிங் என்னவோ சுத்தமாக நின்றிருந்தது :-)

ஆக, அந்த மாணவன் பேட்ச் அனுப்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி: இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது? பதில் தெரிந்தால் வரியைத் திருத்தலாம், இடம் மாற்றலாம், கருவி சொல்வது தவறு என்று காரணம் எழுதிவிட்டு அப்படியே விடலாம். பதில் தெரியாவிட்டால் வார்னிங் இன்னும் கொஞ்சநாள் கத்திக்கொண்டே இருக்கட்டும். டீபக் வரியை யாரும் ஓட்டுவதில்லை என்பது நிம்மதிக்கான காரணமே இல்லை. அது ஓடுவது ஏதோ உடைந்திருக்கும் ராத்திரியில். அன்றைக்கு அது பொய் சொன்னால் நம்புவதற்கு வேறு சாட்சி கிடையாது.

நாற்பது ரூபாய் எங்கே போனது என்று தேடி அலுத்தவர்களுக்கு இது புரியும். அனாமத்தில் போடுவது தற்காலிகம் என்றுதான் பாடப்புத்தகமும் சொல்கிறது.