முத்துக் கரையில் தாய்வீடு

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதற்குச் சென்னை எழும்பூரில் ரயில் ஏறுவது ஒரு பெரிய காரியமா என்று கேட்பீர்கள். வளைகாப்பு முடிந்த மறு வாரம், இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் குலுங்க, மேல் படுக்கைச் சீட்டை வைத்துக்கொண்டு திருதிருவென்று நின்று பாருங்கள், தெரியும்! பாவம், எதிரே இருந்த கல்லூரிப் பையன் நல்ல பிள்ளை. வளையல் சத்தம் கேட்டதுமே தன் கீழ்ப் படுக்கையை விட்டுக்கொடுத்துவிட்டு மேலே ஏறிவிட்டான்.

அந்த வண்டிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்று பெயர். மாலையில் சென்னையை விட்டால் பொழுது விடியத் தூத்துக்குடியில் இறங்கலாம். பெயர்தான் முத்துநகர். ஊரில் முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அரசாங்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ஆம் ஆண்டில். அதற்குப் பிறகு பார்களில் சிப்பி போதிய அளவு விளையவில்லை. (பார் என்றதும் வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள், கடலடியில் சிப்பி விளையும் பாறைத் தரைக்குத்தான் இங்கே பார் என்று பெயர்.) சங்கு குளிக்கிறவர்கள் மட்டும் இன்றும் இருக்கிறார்கள்.

என் வளைகாப்பில் வாழ்த்திய மாமிகளில் பாதிப் பேர், "சிப்பி முத்தைச் சுமக்கிற மாதிரி பத்திரமாகச் சுமந்து பெறு" என்று வாழ்த்தினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தினால் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அது இல்லை. நான் தூத்துக்குடிக்காரி அல்லவா? சிப்பி சங்கதி எனக்குத் தெரியும்.

முத்து சிப்பியின் பிள்ளையே அல்ல. சிப்பியின் உள் தோலில் காயம் பட்டாலோ, சிறு உயிர் ஏதாவது உள்ளே புகுந்து தொந்தரவு செய்தாலோ, அதைச் சுற்றிச் சுற்றிப் பளபளப்பாகப் பூசி மூடுகிறது. அந்தப் பூச்சுத்தான் முத்து. பிள்ளை பெறும் விஷயத்தில் சிப்பி மகா சோம்பேறி. லட்சக்கணக்கான முட்டைகளைக் கடல் நீரில் விட்டுவிடும், அதோடு சரி. அந்தக் குஞ்சுகள் ஏறக்குறைய மூன்று வாரம் கடலில் தாமாக மிதந்து, பிழைத்தவை ஏதாவது பாறையில் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, முத்தை எடுத்தால் சிப்பி செத்துப்போகும். இதையா ஒரு கர்ப்பிணிக்கு உவமை சொல்வது?

ஊர் வந்து சேர்ந்ததும் அம்மா போட்ட சட்டங்களைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை பாகம்பிரியாள் சந்நிதி. சனிக்கிழமை பனிமய மாதா கோயிலில் மெழுகுவத்தி. "ஒருத்தி கை நழுவினாலும் இன்னொருத்தி பிடிச்சுக்கிடுவா" என்பது எங்கள் ஆச்சியின் சித்தாந்தம். மாதாவின் சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். ஆகஸ்டு 5-ஆம் தேதித் திருவிழாவுக்கு எந்த மதத்துப் பெண்களும் வந்து நிற்பார்கள். சில ஆண்டுகளில் மட்டும் தங்கத் தேர் ஓடும். அந்தக் கூட்டத்தில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்பது முடியாத காரியம். ஆகையால் நான் ஒரு சாதாரணச் சனிக்கிழமையில் போய் உட்கார்ந்து வந்தேன். காற்றோட்டமான கோயில். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு உட்கார நல்ல பெஞ்சு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடை. பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தது இந்த ஊரில்தான். இப்போது பெரிய கப்பல்களெல்லாம் தெற்கே அவர் பெயரிலுள்ள புதுத் துறைமுகத்துக்குப் போய்விடுகின்றன. என் தம்பி அங்கேதான் கிரேன் ஓட்டுகிறான். திரும்பும் வழியில் கால் கிலோ மக்ரூன். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்து வாயில் வைத்ததும் கரையும் அந்தப் பண்டத்தைப் பற்றி டாக்டரம்மாளிடம் நான் முழு உண்மையும் சொன்னதில்லை.

அந்தக் கடற்கரைச் சாலையில்தான் தாத்தாவைப் பார்த்தேன். சொந்தத் தாத்தா இல்லை, பக்கத்துத் தெருக்காரர். எண்பது வயது தாண்டியவர். 1961-ல், மீசை சரியாக முளைக்காத வயதில், முத்துக்குளிப்புக்குப் போனவர். சிறு பெண்ணாக இருந்தபோது அவரிடம் எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன். கடற்கரையில் சிப்பியைக் குவித்து வெயிலில் அழுக விட்டுத்தான் முத்துப் பொறுக்குவார்களாம். மசக்கையில் எனக்குக் கடுகு தாளிக்கிற வாசனையே ஆகாது. அந்த நாளில் இந்தக் கரையில் மசக்கையாக இருந்த பெண்களை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது!

மூன்றாம் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "குளிக்கப் போறப்போ பயமா இருக்காதா, தாத்தா?" என்று கேட்டேன்.

"கீழே போறவனுக்கு என்ன பயம், தாயி? கல்லைக் கட்டின கயித்துல காலை வச்சா எட்டுப் பாகம், பத்துப் பாகம் கீழே போயிருவான். அங்கன அவனுக்கு வேலை இருக்கு. சிப்பியைப் பொறுக்கிப் பையில போடணும். மேலே தோணியில கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கான் பாரு, அவனுக்குத்தான் உயிரு போய் உயிரு வரும்."

ஒரு பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்த நீளம், ஆறடி. அறுபதடி ஆழத்தில் ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம். மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருக்கிறவன் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்கச் சம்மதிப்பானா?

"கயிறு ஆடுறது கண்ணுக்குத் தெரியுமா?"

"கண்ணுக்கு என்ன தெரியும்? கைக்குத் தெரியணும். தண்ணி இழுத்தாலும் கயிறு ஆடும், ஆளு இழுத்தாலும் ஆடும். மொத மொத பிடிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். போகப் போகத் தெரிஞ்சிரும்."

சகோதரிகளே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்தாம் மாதத்தில் என் கதை இதுவேதான்! முதல் பிள்ளைக்காரிக்கு 18 முதல் 20 வாரத்துக்குள் குழந்தை அசைவது தெரிய ஆரம்பிக்கும் என்று டாக்டரம்மாள் சொல்லியிருந்தார். தினமும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். என்னவோ குறுகுறுக்கும். குழந்தையா, மத்தியானம் சாப்பிட்ட உருளைக்கிழங்கின் வாயுவா என்று தெரியாது. என் கணவரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் அந்த நேரம் பார்த்து எல்லாம் அடங்கிவிடும்!

"கயிறு அசையாம சும்மாவே இருந்தா?" என்று தாத்தாவிடம் கேட்டேன்.

"இருந்தா, ஏது, என்னன்னு யோசிக்கப்பிடாது. இழுத்திரணும். நல்லாத்தான் இருப்பான். மேலே வந்து, 'என்னத்துக்குலே அதுக்குள்ள இழுத்தே'ன்னு வைவான். வைதா வைதுட்டுப் போறான்."

அதற்குப் பத்து நாள் கழித்து, எட்டாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் நாலரை மணிக்கு எழுந்தேன். காப்பி குடித்த பிறகுதான் உறைத்தது: காலையிலிருந்து உள்ளே அசைவே இல்லை. வழக்கமாகக் காப்பி உள்ளே போனதும் ஒரு குதி குதிக்கும். இல்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அம்மா குளிர்ந்த எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தாள். ஆறு மணி ஆயிற்று. ஏழும் ஆயிற்று.

"பிள்ளை தூங்குது. மாசம் ஏற ஏற அசைவு குறையத்தான் செய்யும்" என்றாள் ஆச்சி. "விளக்கு வச்ச பொறவு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கண்டாம். காலையில பாத்துக்கிடலாம்."

ஆச்சி ஐந்து பெற்றவள். அவள் பேச்சைத் தட்ட எனக்குத் துணிவு ஏது? டாக்டரைக் கூப்பிட்டு, ஒன்றுமில்லாமல் போனால், சென்னைக்காரி ஆர்ப்பாட்டம் செய்கிறாள் என்று எல்லோரும் சிரிப்பார்களே என்ற கூச்சம் வேறு. அப்போதுதான் தம்பி வேலை முடிந்து வந்தான். என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா?" என்றான். "காலையிலிருந்து கயிறு ஆடலைடா" என்று என்னையறியாமல் வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்துவிட்டது.

அவனுக்குத் தாத்தா கதை தெரியும். சட்டையைக்கூட மாற்றவில்லை, ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மாள் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினாள். கரகரவென்று ஏதோ சத்தம். வேறு இடத்தில் வைத்தாள். அங்கும் கரகரப்பு. அந்த அரை நிமிஷத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. பிறகு, மரப்பாலத்தின்மேல் குதிரை ஓடுகிற மாதிரி டக் டக்கென்று சத்தம் கேட்டது. நிமிஷத்துக்கு 140 என்றாள். 110-லிருந்து 160 வரை இருந்தால் சரியாம். இருபது நிமிஷம் பட்டை கட்டித் தாளில் கோடு போட்டுப் பார்த்தார்கள். பாதியில் அந்தப் போக்கிரி கருவியையே ஓர் உதை விட்டது!

"உங்களுக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டேன்" என்றேன் டாக்டரம்மாளிடம்.

"இதில் வீண் என்ன இருக்கிறது? பத்துத் தடவை சும்மா வந்தாலும் வாருங்கள். மாதம் ஏறினால் அசைவு குறையும் என்பது சரியில்லை. அசைவின் தினுசு மாறலாம், ஆனால் பிரசவ வலி எடுக்கிற வரையில் அசைவு இருக்க வேண்டும். குறைந்ததென்று தோன்றினால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்று. ஆச்சி தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான்தான் சொன்னேனே, தூங்குதுன்னு" என்றாள். ஆனால் மறுநாள் காலையில் முதல் ஆளாக மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்ததும் அவள்தான்.

தாத்தாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பொக்கைவாய் தெரியச் சிரித்தார். "பிள்ளை வைதுச்சாக்கும்?" என்றார்.

"உதைச்சுச்சு, தாத்தா."

"உதைக்கட்டும்" என்றார்.

இதை எழுதும்போது டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கொற்கையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பாண்டியர்களின் முத்துத் துறை. கடல் பின்வாங்கிப் போனதால் இன்று வயல்களுக்கு நடுவே இருக்கும் கிராமம். "அந்த ரோட்டிலா? பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போ" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். ஆகவே அதைப் பற்றி இன்னொரு தடவை எழுதுகிறேன்.

தம்பிக்கு இந்த வாரம் ராத்திரி வேலை. கிரேன் ஏறுவதற்கு முன்னால் தினமும் போன் செய்கிறான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்பதில்லை.

"கயிறு ஆடிச்சா, அக்கா?"

"ஆடிச்சுடா" என்கிறேன். போனை வைத்துவிடுகிறான்.