நிழல் நகர்ந்துடுச்சு!

ஆரணியில் பெரியப்பா வீட்டுத் தெருவில் பட்டுப் பாவு விரித்தால், முதல் வேலை நாயைக் கட்டுவது. குறுக்கே ஒரு ஓட்டம் ஓடிச்சுன்னா இழை அறுந்து கூலி போச்சு! மணியையும் அப்படித்தான் வாசல் தகரக் கொட்டகையில் கட்டினோம். கத்திரி வெயில் காலம். ஒன்பது மணிக்குள் பாவைச் சுருட்டியாச்சு. மணியை அவிழ்க்க எல்லோரும் மறந்தாச்சு, நானும்தான்.

மதியம் பார்த்தால், காலையில் இருந்த நிழல் எங்கேயோ போயிருந்தது. தண்ணீர்த் தட்டு கவிழ்ந்து கிடந்தது. மணிக்குக் கெட்டியாக எச்சில். நிற்க முடியாமல் தள்ளாடியது. 'நாக்கைத் தொங்கப்போட்டு சிரிக்குது'ன்னான் ஒரு வாண்டு. சிரிப்பில்லீங்க. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளியாகணும். சாதாரணமாகவே அதன் உடம்பு 101, 102 டிகிரி. 105-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

பெரியம்மாதான் பதறாமல் வயிறு, தொடையிடுக்கு, பாதம் என்று தண்ணீர் ஊற்றி, முறத்தால் விசிறினார். அதன் பிறகுதான் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். பிழைத்துக்கொண்டது.

தெரு நாயைப் பாருங்கள், குழாயடி ஈரமண்ணைத் தோண்டித் தானே படுத்துக்கொள்ளும். சங்கிலி போட்ட நாய்க்கு நாமதான் கதி. தார் ரோட்டில் கூட்டிப்போகும் முன் புறங்கையை அஞ்சு விநாடி வைத்துப் பாருங்கள். சுட்டால், அதன் பாதத்துக்கும் சுடும்.

இப்போது மணிக்குப் பின்கட்டு வேப்பமரத்தடிதான். கவிழாத கனத்த மண்சட்டியில் தண்ணீர். பாவு சுருட்டியதும் பெரியப்பா முதலில் தேடுவது மணியின் சங்கிலியைத்தான்.