மயிரிழையில் ஒரு தொழில்

கதை எழுதுகிறவனிடம் தொழில் தொடங்க யோசனை கேட்பது, நீந்தத் தெரியாதவனிடம் ஆற்றில் ஆழம் கேட்பது போலத்தான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இருந்து வருகிறது. காரணம் வேறொன்றுமில்லை. நான் ஆபீசுக்குப் போகாமல், வீட்டிலேயே உட்கார்ந்தபடி, நாற்பது வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகவே வீட்டில் இருந்துகொண்டே பணம் பண்ணும் வித்தை ஏதோ எனக்குக் கைவந்திருக்கிறது என்று உறவினர்களுக்கு ஒரு நம்பிக்கை. அப்பளம் இட நினைத்தவர்கள், தையல் மிஷின் வாங்க நினைத்தவர்கள், மொட்டை மாடியில் காளான் வளர்க்க நினைத்தவர்கள், எல்லோரும் என்னிடம் வந்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். காளான்காரர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

ஆனால் என் அண்ணன் பெண் கொண்டுவந்த கேள்வி முற்றிலும் புதிது.

"சித்தப்பா, வீட்லயே எலெக்ட்ராலிஸிஸ் பண்ணலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பள்ளிக்கூடத்து ரசாயன வகுப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கண்ணாடிப் பாத்திரம், இரண்டு கம்பிகள், தண்ணீரிலிருந்து குமிழ் குமிழாக வாயு.

"தண்ணியைப் பிரிச்சு விக்கப் போறியா அம்மா?" என்றேன்.

"தண்ணியை இல்லே சித்தப்பா. மூஞ்சியில முளைக்குதே, அதை எடுக்கறது. திரும்ப முளைக்காம எடுக்கறது."

அவள் சொன்ன விவரத்தைக் கேட்டபோது என் ரசாயன வகுப்பு அப்படியொன்றும் வீண் போகவில்லை என்று தெரிந்தது. ரோமத்தின் கனமே உள்ள ஒரு மெல்லிய ஊசி. அது தோலைத் துளைப்பதில்லை; ரோமம் எந்த வழியாக வெளியே வந்ததோ அந்த வழியாகவே மயிர்க்காலுக்குள் இறங்குகிறது. உள்ளே இருக்கும் ஈரத்தில் உப்பு உண்டு. ஊசியில் மின்சாரம் ஓடியதும் அந்த உப்பு நீர் பிரிந்து, துளியிலும் துளியாகக் காஸ்டிக் சோடா உண்டாகிறது. சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்கு அதன் குணம் தெரியும். அது ரோமத்தின் வேரைக் கரைத்துவிடுகிறது. பிறகு முள்வாங்கியால் தொட்டால் ரோமம் சும்மா வழுக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். இழுக்க வேண்டியிருந்தால் வேலை சரியாகவில்லை என்று அர்த்தம்.

இந்த வித்தை அழகுக்காகப் பிறந்ததே இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் சார்லஸ் மிஷல் என்று ஒரு கண் டாக்டர். இமை ரோமம் உட்பக்கமாக வளைந்து விழியை ஓயாமல் உராய்ந்துகொண்டிருக்கும் நோயாளிகளுக்காக, 1875-ல், பாட்டரியோடு ஊசியை இணைத்து இதைச் செய்து காட்டினார். பிறகுதான் இமையிலிருந்து கன்னத்துக்கும் மோவாய்க்கும் ஊசி இறங்கி வந்தது. 1920-களில் பிரான்ஸ் தேசத்தில் வேறுவிதமான மின்சாரத்தைப் பாய்ச்சி, சோடாவுக்குப் பதில் சூட்டினாலேயே வேரை அழிக்கக் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் கலந்து செய்யும் முறைக்கு 1948-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். இன்று ஊசிக்காரர்கள் கையாளுவது இந்த மூன்று முறைகளைத்தான்.

"லேசர்னு ஒண்ணு சொல்றாங்களே?" என்று கேட்டேன். விளம்பரம் பார்க்காதவனா நான்?

அண்ணன் பெண் பதினோரு வருஷம் ஒரு தோல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள். டாக்டருக்கு வயதாகி ஆஸ்பத்திரியை மூடிவிட்டார். அதனால்தான் இந்த யோசனையே பிறந்தது. அவள் சொன்னாள். லேசர் ஒளி, ரோமத்தின் கறுப்பு நிறத்தைப் பிடித்துக்கொண்டு சுடுகிறது. நரைத்த ரோமத்தில் அதற்குப் பிடிமானம் இல்லை. நம்மைப் போன்ற கறுத்த தோலில், இயந்திரமும் கையும் சரியாக இல்லாவிட்டால், ரோமத்தை விட்டுவிட்டுத் தோலைச் சுட்டுவிடும். அமெரிக்காவின் மருந்து நிர்வாகத்தார்கூட லேசருக்கு 'நிரந்தரமாகக் குறைப்பது' என்ற பெயரைத்தான் அனுமதித்திருக்கிறார்கள். 'நிரந்தரமாக நீக்குவது' என்ற பட்டம் ஊசிக்குத்தான். ஊசிக்கு வெள்ளை, கறுப்பு என்ற பேதம் கிடையாது.

ஆனால் அந்தப் பட்டத்துக்கு உண்டான விலை, பொறுமை. ஒவ்வொரு ரோமமாக எடுக்க வேண்டும். அதிலும் முகத்திலுள்ள எல்லா ரோமமும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. சில வளர்ந்துகொண்டிருக்கும், சில உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். இன்று துப்புரவாக எடுத்தாலும், தூங்கினவை அடுத்த மாதம் எழுந்து வரும். அவற்றுக்கு மறுபடியும் ஊசி. அடர்ந்த தாடியாக இருந்தால் நூறு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அதையும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று பரப்பித்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு வார்த்தையாக எழுதி நாவலை முடிக்கிறவனுக்கு இதைக் கேட்டதும் அந்தத் தொழிலின்மேல் ஓர் அனுதாபம் பிறந்துவிட்டது.

அனுதாபம் வேறு, யோசனை சொல்வது வேறு. "யார் வருவாங்க?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியையைப் பற்றிச் சொன்னாள். தினமும் காலையில் நாலு மணிக்கு எழுந்து, வீட்டில் மற்றவர்கள் விழிப்பதற்கு முன், விளக்கைப் போட்டுக்கொண்டு மோவாயைச் சரிசெய்துகொள்வாராம். புருஷனுக்கே தெரியாது. 2020-ல் கொரோனா வந்து ஊரெல்லாம் முகக்கவசம் போட்டுக்கொண்டு தவித்ததே, அந்தக் காலத்தைப் பற்றி அந்த அம்மாள், "அந்த ரெண்டு வருஷந்தான் நான் நிம்மதியா இருந்தேன்" என்றாராம்.

நான் எழுதிய கதைகளில் எத்தனையோ ஸ்திரீகளின் ரகசியங்களைக் கண்டுபிடித்து எழுதிவிட்டதாக எனக்கு ஒரு பெருமை உண்டு. நாலு மணி விளக்கை நான் எழுதினதில்லை.

கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துப் பூசிய பாட்டிமார்களும் இந்த ரகசியத்தைத்தான் காத்துவந்திருக்கிறார்கள். இன்று த்ரெடிங் என்று நூல் வைத்துப் பிடுங்குகிறார்கள். வாக்ஸ் என்று மெழுகு தடவி உரிக்கிறார்கள். வளர்ந்துகொண்டேயிருப்பதால் பார்லர்களுக்கும் வாடிக்கை வளர்கிறது.

ஊசியில் ஒரு சங்கடம் இருக்கிறது. முள்வாங்கியால் பிடிக்கும் அளவுக்கு ரோமம் வெளியே தெரிய வேண்டும். ஆகவே வருவதற்கு முன் சில நாட்கள் அதை வளர விட்டாக வேண்டும். வாழ்நாள் முழுவதும் மறைத்ததை, போக்கிக்கொள்வதற்காக ஊரார் பார்க்கத் தெருவில் எடுத்துக்கொண்டு வர வேண்டும்! கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் போட்ட கடைக்கு அப்படி யார் வருவார்கள்? "அதனாலதான் வீட்டில பண்ணணும்ங்கறேன்" என்றாள்.

அவள் வீடு திருச்சி தில்லைநகரில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. பக்கத்துச் சந்து வழியாகத் தனி வாசல் உள்ள ஓர் அறை. அவள் மாமனார் இருந்து மறைந்த அறை. கட்டில்கூட அப்படியே கிடக்கிறது.

இங்கேதான் எனக்கு நிஜமாகவே சொந்த அனுபவம் உண்டு. நம் வீடுகளில் தொழில் நடத்துவது லேசுப்பட்ட காரியமல்ல. நான் கதாநாயகியைச் சாகவிடலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கும்போது, காஸ் சிலிண்டர்காரனுக்குக் கதவைத் திறக்க வேண்டியவன் நான்தான். வீட்டில் இருக்கிறவன் சும்மா இருக்கிறவன். இது போகட்டும், கதாநாயகி காத்திருப்பாள். ஊசியும் மின்சாரமும் கையிலிருக்கும்போது யாராவது, "வெங்காயம் எங்கே வச்சிருக்கே?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தால்? அதைவிட, எதிர்வீட்டு மாமி ஜன்னலில் நின்று, "இன்னிக்கு யார் வந்துட்டுப் போனாங்க?" என்று கேட்டால்? எந்த மறைவைத் தேடி வருகிறார்களோ, அந்த மறைவு நம் வீடுகளில் கிடையவே கிடையாதே!

"உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கணும். யார் கேட்டாலும் பேர் சொல்லக் கூடாது. வீட்டுக்காரர்கிட்டகூட" என்றேன்.

"அவர்கிட்ட சொல்லிட்டேன் சித்தப்பா. அம்மாகிட்டத்தான் இன்னும் சொல்லலே." அம்மா என்று அவள் சொல்வது மாமியாரை.

மாமியாரிடம் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. முதலில் வரக் கூடியவர்களில் ஒருவர் திருநங்கை. தாடியை இடுக்கியால் பிடுங்கிப் பிடுங்கி முகமெல்லாம் தழும்பாகிப்போனவர். ஆஸ்பத்திரிக்கு வந்த பழக்கம். 2008-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டில்தான் திருநங்கையருக்கு நல வாரியம் ஏற்பட்டது; அரசாங்கம் வாரியம் வைத்தது. நம் வீட்டு வாசற்படியில் என்ன நடக்கும் என்பது வேறு விஷயம். "அவங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டு இந்தத் தொழிலை நான் பண்ண மாட்டேன். பண்ணினா எல்லாருக்கும். இல்லேன்னா வேண்டாம்" என்றாள் அண்ணன் பெண். சிறு வயதில் பள்ளிக்கூடத்து நாடகத்தில் வாய் திறக்கப் பயந்தவள்.

கணக்கு நோட்டையும் கொண்டுவந்திருந்தாள். இயந்திரம், சாய்வுப் படுக்கை, பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, ஊசியல்லாத கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ், எல்லாமாக மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 121 டிகிரிச் சூட்டில் பதினைந்து நிமிஷம் வைக்க வேண்டுமாம். ஊசி ஒருவருக்கு ஒன்று. உபயோகித்ததும், துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போட வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. 2015-ல் ஏற்பட்ட முத்ரா திட்டத்தில் இந்தத் தொகைக்குக் கடன் கேட்கலாம். சங்கிலியை அடகு வைக்கலாமா என்றும் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். அடுத்த வருஷம் பெண்ணைக் காலேஜில் சேர்க்க வேண்டும்.

வரவுப் பக்கத்தில் தினம் எட்டுப் பேர், ஆளுக்கு அரை மணி என்று போட்டிருந்தாள். நான் அந்த எட்டை அடித்தேன். எனக்குத் தொழில் தெரியாது. மனிதர்களைக் கொஞ்சம் தெரியும். அப்பளம் நன்றாக இருந்தால் வாங்கினவர் நாலு பேரிடம் சொல்வார். இந்தத் தொழிலில் திருப்தியடைந்தவர் ஜன்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டார். அது போதாதென்று, வேலை பூர்த்தியானவர் மறுபடி வரவும் மாட்டார். த்ரெடிங் கடைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வருகிற மகராசிகள் இங்கே இல்லை. நன்றாகச் செய்யச் செய்ய, உள்ள வாடிக்கையும் போய்விடும்! தோல் டாக்டர்கள் யாராவது, லேசருக்கு உதவாத நரையை உன்னிடம் அனுப்பினால்தான் உண்டு. ஆகையால் முதல் வருஷம் தினம் இரண்டு பேர் என்று போட்டுக்கொள், சங்கிலியைக் கழுத்திலேயே போட்டுக்கொள் என்றேன்.

படிப்பு விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது. மூன்று நாளில் கற்றுக்கொடுத்துச் சர்டிபிகேட்டும் தருவதாக ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். கலிபோர்னியாவில் இந்த வேலைக்கு லைசென்ஸ் வாங்க 600 மணி நேரம் படித்தாக வேண்டும். ஊசி ஆழம் தவறினால் அடி வேர் பிழைத்துக்கொள்ளும்; மின்சாரம் மிஞ்சினால் கறுப்புத் தழும்பு. ரோமத்தைப் போக்க வந்தவர் வடுவோடு போவார். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவரைத் தொடக் கூடாது. மாதவிலக்குத் தாறுமாறாகிறவரை முதலில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். திடீரென்று முகத்தில் ரோமம் அடர்ந்து, குரலும் கட்டையாகிவிட்டதென்றால் உள்ளே கட்டி இருக்கலாம். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அந்த மூன்று நாள் விளம்பரத்தை அவளே மடித்துக் கிழித்தாள். பம்பாயில் இந்த வேலை செய்யும் ஒரு டாக்டர் அம்மாளிடம் ஆறு மாதம் இருந்து பழகச் சம்மதம் வாங்கி வைத்திருக்கிறாளாம். விளம்பரத்தை நான் என்ன சொல்கிறேன் பார்க்கலாம் என்றுதான் காட்டினாளோ என்னவோ!

போய்விட்டு வா, வந்து ஆரம்பி என்று சொல்லி அனுப்பினேன். ஆறு மாதமும் முடிந்து, போன வாரம் போன் செய்தாள்.

மாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. திருநங்கையைப் பற்றியும் சொல்லியாகிவிட்டது. கிழவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சந்து வழியா ஏன் வரணும்? மனுஷாதானே, வாசல் வழியாவே வரட்டும்" என்றாளாம். அப்புறம் மருமகளை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தலைகாணிக்கு அடியிலிருந்து ஒரு முள்வாங்கியை எடுத்துக் காட்டியிருக்கிறாள். முப்பது வருஷமாக அங்கேயே இருக்கிறதாம். மோவாயைத் தடவிக் காண்பித்து, "எல்லாம் நரைச்சுப்போச்சு. இப்போ கண்ணும் தெரியலே. எனக்கு முதல்ல பண்ணிவிடு" என்று சொல்லியிருக்கிறாள்.

"பண்ணிட்டியா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"அதெப்படி சித்தப்பா? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கே, புண்ணு பட்டா லேசில ஆறாது. டாக்டர் பார்த்துச் சரின்னு எழுதிக் குடுத்தாத்தான் பண்ணுவேன்னுட்டேன். கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாம உட்கார்ந்திருக்காங்க. நீங்க கொஞ்சம் பேசறீங்களா?" என்று போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டாள்.