1685-இல் பிறந்தவர் யார்?

எண்பதுகளின் நடுவில் லண்டனில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை வந்தால் இசைத்தட்டுக் கடையே கதி. வாங்குவது குறைவு, புரட்டிப் பார்ப்பதுதான் அதிகம். கல்லாவில் இருந்த பெரியவருக்கு என்னைப் பார்த்தால் விடுகதை போடத் தோன்றும். யாரோ ஒரு இசைமேதையின் படைப்புகளை ஒன்று விடாமல் பதிவு செய்கிறார்கள், யார் என்று சொல் பார்க்கலாம் என்பார்.

அன்று கொடுத்த துப்பு இரண்டு. பிறந்த வருஷம் 1685. வாசிப்பது ஒரே ஆள்.

முந்திரிக்கொட்டை மாதிரி, அவர் முடிப்பதற்குள் "பாக்" என்றேன். உதட்டைப் பிதுக்கினார். அப்படியானால் ஹாண்டல். அதுவும் இல்லை. அந்த வருஷத்தில் பிறந்த மூன்றாவது ஆள், டொமினிகோ ஸ்கார்லாட்டி. அவருடைய 300-ஆம் ஆண்டை ஒட்டி ஸ்காட் ராஸ் என்ற ஹார்ப்சிகார்ட் கலைஞர் 555 சொனாட்டாக்களையும் பிரெஞ்சு வானொலிக்காக வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு அது 34 குறுந்தட்டுகளாக வந்தது. பாக் எழுதியதையெல்லாம் ஒற்றை ஆளால் வாசிக்க முடியுமா, அதற்கு ஒரு பாடகர் குழுவே வேண்டாமா என்று பெரியவர் சிரித்தார். பெரிய பெயர் ஒன்று நாக்கு நுனியில் நின்றால் இரண்டாவது துப்பு எங்கே காதில் விழும்?

ஸ்கார்லாட்டியின் கதையை அப்புறம்தான் தேடிப் படித்தேன். போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு இசை கற்றுக்கொடுத்தவர். அவள் 1729-இல் வாக்கப்பட்டு ஸ்பெயினுக்குப் போனபோது இவரும் கூடவே போய், 1757-இல் சாகும்வரை அங்கேயே இருந்துவிட்டார். உயிரோடு இருக்கையில் அவரே அச்சில் கொண்டுவந்தவை வெறும் 30 சொனாட்டாக்கள். அவர் கைப்பட எழுதிய பிரதி ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் ராணியான மரியா பார்பராவுக்காக யாரோ உட்கார்ந்து நகல் எழுதினார்கள். அதில் 15 தொகுதிகள் இன்று வெனிஸ் நூலகத்தில் இருக்கின்றன. அந்த நகல்கள் இல்லையென்றால் ராஸ் எதை வாசித்திருப்பார்? பாவம், பதிவு முடிந்த சில ஆண்டுகளில், 1989-இல், 38 வயதில் அவரும் போய்விட்டார்.

கூட்டமாகச் செய்யும் வேலை எப்படியிருக்கும் என்று அதே பெரியவர்தான் காட்டினார். ஹார்னன்கூர்ட், லியோன்ஹார்ட் என்ற இரண்டு இசை நடத்துநர்கள் 1971-இல் பாக்கின் தேவாலயக் கான்டாட்டாக்களைத் தொடராக வெளியிடத் தொடங்கியிருந்தார்கள். சுமார் 200 உருப்படிகள். முடியவே இருபது வருஷம் பிடித்தது. பழைய பெட்டி ஒன்றைத் திறந்தார். தட்டுகளோடு சுரக்குறிப்புப் புத்தகமும் இருந்தது. பாடியவர் பட்டியலில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். மற்றவர்களுக்கெல்லாம் பெயர் இருக்க, அங்கே மட்டும் 'வியன்னா சிறுவர் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்' என்று போட்டிருந்தது. பாக் காலத்து வழக்கப்படி மேல்ஸ்தாயிக்குப் பெரும்பாலும் சிறுவர்களைத்தான் பாட வைத்தார்கள். பையன்களுக்குக் குரல் உடையும். ஒருவன் போனால் இன்னொருவனைத் தேட வேண்டும். தொடர் முடியும்போது முதல் பெட்டியில் பாடியவனுக்கு மீசை நரைக்காவிட்டாலும் கல்யாணமாவது ஆகியிருக்கும்.

அந்தத் தட்டைப் போட்டு, கடை அடைக்கும்வரை உட்கார்ந்து கேட்க விட்டார். வாங்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பையனின் குரல் ஓரிடத்தில் லேசாகத் தடுமாறும். அழித்துவிட்டு மறுபடி பாட வைத்திருக்கலாம். அப்படியே விட்டது எனக்குப் பிடித்தது.

இப்போது விடுகதை போடுவது என் முறை. 2014-இல் தொடங்கி, 107 சிம்பொனிகளையும் 2032-க்குள் முடிப்பதாக ஜொவானி அன்டோனினி என்ற இத்தாலியர் இறங்கியிருக்கிறார். யாருடைய சிம்பொனி? ஹைடன். 1732-இல் பிறந்தவர், அதனால்தான் அந்தக் கெடு. 2032-இல் எனக்கு என்ன வயதாகும் என்று என் வீட்டுக்காரி கணக்குப் போட்டுச் சொன்னாள். முழுப்பெட்டியாக வந்தால் மலிவாகக் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வர வர ஒவ்வொன்றாக வாங்கிவிடுகிறேன்.