34.6 வோல்ட்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

டீச்சரம்மா போன பிறகு என் இளைய மகன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டது உங்களில் பலருக்குத் தெரியும். ராத்திரி சாப்பிட்டதும் வாசலில் நிற்கும் பழைய காரில் போய் உட்கார்ந்து பாட்டுப் போடுவான். பாட்டு என்றா சொன்னேன்? வீட்டுக்குள் எனக்குக் கேட்டதெல்லாம் 'தும் தும்' மட்டும்தான். ஜன்னல் கண்ணாடி நடுங்கும். எதிர்வீட்டில் கைக்குழந்தை வேறு. ஒரு நாள் தெருவில் நின்றே கத்திவிட்டேன்: "அம்மா செத்து ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள உனக்குக் கூத்து கேக்குதா?" அதன் பிறகு இரண்டு மாதம் அவன் என்னோடு பேசவில்லை.

கார் ஆடியோ கடை வைத்திருக்கும் நம் பள்ளி மாணவர் ஒருவரிடம் (பெயர் வேண்டாம் என்றார்) புலம்பப் போனேன். "சார், குறைக்கச் சொல்லாதீங்க, சுத்தமாக்கச் சொல்லுங்க" என்று ஒரு மல்டிமீட்டரைக் கொடுத்தார். செய்முறையைத் தாளில் எழுதியும் கொடுத்தார். கையெழுத்து அன்றைக்கு இருந்த மாதிரியேதான்!

"தம்பி, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாரு" என்று தாளோடு காரில் போய் உட்கார்ந்தேன். பதில் இல்லை. ஆனால் தாளை வாங்கிக்கொண்டான்.

ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று ஒரு திருகு உண்டு. அது சத்தத்தைக் கூட்டும் திருகு அல்லவாம். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் அளவு பொருந்தச் செய்வது. அதை முழுக்கத் திருகி வைத்தால் அலையின் உச்சி மழுங்கி வெட்டுப்படும். மலை வரையச் சொன்னால் மேஜை வரைவீர்களே, அது போல. இசை இரைச்சலாகிவிடும், சப்வூஃபரின் காயிலும் சூடேறும். இவனுடையதில் கெயினும் முழுசு, பாஸ் பூஸ்ட்டும் முழுசு. 12 டெசிபல் பூஸ்ட் என்றால் அந்த இடத்தில் ஏறக்குறைய 16 மடங்கு பவர் கேட்கிறோம். ஆம்ப்ளிஃபயர் பாவம், எங்கே போகும்?

300 வாட், 4 ஓம். பெருக்கினால் 1200, அதற்கு வர்க்கமூலம். "34 வர்க்கம் 1156, 35 வர்க்கம் 1225" என்று அவன் முணுமுணுத்தான். நான் சொல்லிக்கொடுத்த முறை. இரண்டு மாதத்தில் அவன் என் காதில் விழும்படி சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

பூஸ்ட்டைப் பூஜ்யம் ஆக்கினோம். சப்வூஃபர் வயரைக் கழற்றி, ஸ்டீரியோவை முக்கால் அளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைப் போட்டோம். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பிடித்தது நான், திருகியது அவன். 34.6 வந்ததும் நிறுத்தினோம். பிறகு லோ-பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்கு, மேலே உள்ளது கதவு ஸ்பீக்கர்களுக்கு. ஃபேஸ் சுவிட்சை மாற்றி மாற்றிப் போட்டு, டிரைவர் சீட்டில் எது நிறைவாகக் கேட்கிறதோ அதில் விட்டோம். இன்னும் 'கிர்' என்றது. அது நம்பர் பிளேட். பின்னால் ஸ்பாஞ்ச் ஒட்டியதும் அடங்கிவிட்டது.

அப்புறம் பாட்டுப் போட்டான். பழைய இளையராஜா பாட்டு, டீச்சரம்மா இட்லி ஊற்றும்போது முனகுவது. அடுத்ததும் அவள் பாட்டு. அதற்கடுத்ததும். தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டி வந்துவிடும், பாடும் குரல் அவ்வளவாக வராது. அதனால்தான் இத்தனை நாளும் என்ன பாட்டு என்றே எனக்குத் தெரியவில்லை. அறிவியல் வாத்தியார்! பேஸ் கிட்டார் தனியாக நடந்து போவது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. நான் அழுததை அவன் பார்த்தான். சத்தத்தைக் குறைக்கவில்லை.

சுத்தமான பாஸும் சுவரைத் தாண்டத்தான் செய்யும். ஆகவே இப்போது ஒன்பது மணிக்கு மேல் கண்மாய்க்கரைக்குப் போய்விடுகிறோம். மீட்டர் கொடுத்தவருக்கு: ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவந்து தருகிறேன். அவனும் வருகிறான்.