விருந்தினர் நகரில் வீட்டார்

நுழையும்முன்

விடுமுறைக் காலத்தில் மைசூருவிலிருந்து புதுச்சேரிக்குச் சென்று வரும் குடும்பங்கள் பல. நீலக் கடலும், மஞ்சள் வண்ணச் சுவர்களும், பூங்கொடி படர்ந்த வாயில்களும் அவர்தம் நினைவில் நிற்கும். அந்நகரிலேயே பிறந்து, அங்கேயே உழைத்து வாழ்வோர்க்கு அந்நகரம் இன்று எப்படி இருக்கிறது என்பது பயணியருக்கு எளிதில் புலப்படாது. அதனைச் சிந்திக்கத் தூண்டுகிறது இப்பாடம்.

ஓர் ஊர் யாருக்கு உரியது? பத்திரத்தில் பெயர் உள்ளவர்க்கா, அவ்வூரில் பிறந்தவர்க்கா, அங்கு நாள்தோறும் உழைப்பவர்க்கா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு விடை எளிதன்று. பெயர் பெற்ற கடற்கரை நகரம் ஒவ்வொன்றும் இன்று இவ்வினாவை எதிர்கொண்டு நிற்கிறது. புதுச்சேரி அவற்றுள் ஒன்று.

புதுச்சேரியின் நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதன் கிழக்கே கடலை ஒட்டிப் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்தனர். மேற்கே தமிழர் வாழ்ந்தனர். கிழக்குப் பகுதியை வெள்ளை நகரம் என்றும், மேற்குப் பகுதியைக் கறுப்பு நகரம் என்றும் அக்காலத்தில் வழங்கினர். கடற்காற்று முதலில் வீசும் இடம் ஆள்வோர்க்கு. அது கடந்து வந்து சேரும் இடம் ஆளப்படுவோர்க்கு. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. நிறத்தால் வகுத்த எல்லை அன்றோடு முடிந்தது என மக்கள் மகிழ்ந்தனர். ஆயினும் வேறோர் எல்லை மெல்ல எழுந்து வருகிறது. அது பணத்தால் ஆகிய எல்லை.

தமிழர் பகுதியின் பழைய வீடுகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. தெருவை ஒட்டி, மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம் இருக்கும். அதன் உட்புறத்தில் திண்ணை இருக்கும். தாழ்வாரம் வழிப்போக்கருக்கு வெயிலும் மழையும் படாமல் காத்தது. திண்ணை, முன்பின் அறியாதவரும் அமர்ந்து இளைப்பாற இடம் தந்தது. வீடு ஒருவருக்கு உரியதாயினும், அதன் முகப்பு ஊருக்கு உரியதாக இருந்தது. புதுச்சேரியின் பண்பாட்டை ஒரு சொல்லில் கூற வேண்டுமாயின், அச்சொல் திண்ணை என்பதாகும்.

அத்தகைய வீடுகள் கைமாறுவது ஏன்? பேராசை மட்டும் காரணம் அன்று. பாட்டனார் கட்டிய வீட்டிற்கு இன்று பத்துப் பேர் பங்காளிகளாக உள்ளனர். ஒருவர் சென்னையில் இருப்பார். மற்றொருவர் பிரான்சில் இருப்பார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய குடும்பங்களைப் புதுச்சேரி மக்கள் ‘சொல்தா’ வீட்டார் என்பர். அக்குடும்பத்தார் பலர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுக் கடல் கடந்து வாழ்கின்றனர். பூட்டிய வீட்டில் மழைநீர் இறங்கும், உத்தரம் இற்றுப்போகும். சுண்ணச் சாந்து பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் செலவு மிகுதி. இந்நிலையில் பெருநகரச் செல்வர் ஒருவர் வந்து பெருந்தொகை தருவதாகக் கூறினால், பத்துப் பங்காளிகளும் தலையசைத்துவிடுவர். வீடு தங்கும் விடுதியாகிறது. திண்ணை இருந்த இடத்தில் வரவேற்பு மேசை அமைகிறது.

இதில் நன்மையே இல்லை எனக் கூறுதல் நேர்மையன்று. கவனிப்பார் இல்லாத மரபுக் கட்டடங்கள் பல இடிந்து மறைந்தன. கடற்கரைச் சாலையின் பெருமையாக நின்ற பழைய நகர்மன்றக் கட்டடமே 2014ஆம் ஆண்டு நவம்பர் மழையில் சரிந்து வீழ்ந்தது. பின்னர் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. விடுதியாக மாறிய வீடுகளோ தூண் சாயாமல், ஓடு சிதறாமல் நிற்கின்றன. வைசியாள் வீதியின் முகப்புகளைப் புதுப்பித்த பணிக்கு 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பயணியர் வருகையால் படகோட்டி, சமையற்காரர், தச்சர், ஆட்டோ ஓட்டுநர் எனப் பலர் பிழைக்கின்றனர். ஆகவே வீடு காப்பாற்றப்படுகிறது என்பது உண்மை. வீட்டார் காப்பாற்றப்படுகின்றனரா என்பதே வினா.

விலையேற்றம் ஓசையின்றி வருவது. ஒரு தெருவில் முதல் விடுதி தோன்றும்போது எவரும் அஞ்சுவதில்லை. பின்னர் வாடகைக்கு வீடு விட்டிருந்தவர் கணக்குப் போடுகிறார். ஒரு குடும்பம் மாதம் முழுவதும் தரும் வாடகையைச் சில வார இறுதிகளிலேயே பயணியர் தந்துவிடுகின்றனர். அடுத்த ஒப்பந்தம் குடும்பத்திற்குக் கிடைப்பதில்லை. குடியிருப்போர் குறையக் குறைய, அவர்களை நம்பியிருந்த மளிகைக் கடையும், துணி தேய்க்கும் வண்டியும், இட்டிலிக் கடையும் இடம் பெயர்கின்றன. அவ்விடத்தில் எழும் சிற்றுண்டிச்சாலையில் ஒரு கோப்பைக் காப்பி அருந்தும் பணத்தில், வாய்க்காலுக்கு மேற்கே ஓர் எளிய குடும்பம் காலை உணவை முடித்துவிடலாம்.

பணத்தைவிடக் கூர்மையானது மற்றொன்று உண்டு, அது பார்வை. எவரும் எளியவரை ‘வராதே’ எனக் கூறுவதில்லை. ஆயினும் பளிங்குத் தரையும், அயல்மொழி விலைப்பட்டியலும், காவலரின் ஏற இறங்கப் பார்க்கும் பார்வையும் அச்சொல்லைச் சொல்லாமல் சொல்லிவிடுகின்றன. விடுதி அறையைத் தூய்மை செய்யும் பெண், தன் பிள்ளையை அவ்விடுதியின் முன்வாயில் வழியே அழைத்துச் செல்லக் கூசுகிறாள். தான் பிறந்த ஊரில் தான் விருந்தாளியும் அல்லள், வீட்டாளும் அல்லள் என உணரும் கணம் அது. அவ்வுணர்வு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறாது.

கடலை நம்பி வாழ்வோர் நிலை இன்னும் கடினம். வெள்ளை நகருக்கு வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. கிழக்குக் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். 1980களின் இறுதியில் துறைமுகத்திற்கென அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபோது அந்நகர்வு தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரித்தது. நகரைக் காக்கக் கற்கள் கொட்டப்பட்டன. பயணியருக்கு அக்கற்கள் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளும் இடம். மீனவருக்கோ அவை, படகை ஏற்றவும் வலையை உலர்த்தவும் மீனைக் காயவைக்கவும் இருந்த மணற்பரப்பின் இழப்பு. அண்மைக் காலத்தில் கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்ததால், 2018க்குப் பின் ஒரு பகுதியில் மணல் மீண்டது. மீண்ட மணலில் முதல் இடம் படகுக்கா, குடை நிழலில் சாயும் நாற்காலிக்கா என்னும் வினா மட்டும் எஞ்சுகிறது.

‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டியது’ என்பது பழமொழி. விலையேற்றத்தால் வருந்துவோர் வாயில் இப்பழமொழி எளிதில் வரும். ஆனால் இதனைக் கூறுமுன் சற்று நிதானிக்க வேண்டும். புகலிடம் தேடி வேற்றூர் சென்ற மக்களுள் தமிழரும் உளர். வெளியிலிருந்து வந்தோர் அனைவரும் ஊரைக் கெடுப்போர் என்றால், புதுச்சேரியின் வரலாறே எஞ்சாது. புதுச்சேரியின் அன்றாட வாழ்வை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709இல் பிறந்தவர். ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பிப் பாரதியார் 1908இல் அங்கு வந்து, 1918 வரை வாழ்ந்தார்.

பாரதியார் குடியிருந்தது வாடகை வீட்டில். அவ்வீட்டு உரிமையாளரை ‘விளக்கெண்ணெய்ச் செட்டியார்’ என அழைப்பர். அவர் வாடகை கேட்க வருவாராம்; கவிஞரின் பேச்சிலும் பாட்டிலும் மகிழ்ந்து, வந்த செய்தியைக் கூறாமலே திரும்பிச் செல்வாராம். பாரதியாருடன் பழகியோர் எழுதிய நினைவுகள் இதனைக் கூறுகின்றன. கையில் காசில்லாத ஓர் இளங்கவிஞர் இன்று அந்நகருக்கு வந்தால், கடற்காற்று வீசும் தெருவில் அவருக்கு ஓர் அறை கிடைக்குமா? இக்கேள்வியே நகரத்தின் உண்மையான நிலையை அளக்கும் அளவுகோல். வந்தவர் தவறு செய்தவர் அல்லர். வாழ வருவோர்க்கும் வாங்கிப்போட வருவோர்க்கும் உள்ள வேறுபாட்டை ஊர் மறந்ததே தவறு.

இத்துன்பம் புதுச்சேரிக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியின் வெனிசு நகரத்தின் பழைய தீவுப்பகுதியில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 மக்கள் வாழ்ந்தனர். இன்று 50,000 பேர்கூட இல்லை. 2024 ஏப்ரல் முதல் பயணியர் மிகும் நாள்களில், பகற்பொழுதிற்கு மட்டும் வருவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கினர். வீடுகளுக்குக் கட்டணச்சீட்டு வழங்கும் காட்சிக்கூடம் போல ஒரு நகரம் ஆகிவிட்டது. ஸ்பெயினின் பார்சிலோனா மாநகராட்சியோ, பயணியருக்கு நாள் வாடகைக்கு விடப்படும் ஏறத்தாழ 10,000 குடியிருப்புகளின் உரிமத்தை 2028க்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக 2024இல் அறிவித்தது. விருந்தினரை வெறுக்காமலே வீட்டாருக்கு இடம் ஒதுக்க முடியும் என்னும் நம்பிக்கையே அம்முயற்சியின் அடிப்படை.

புதுச்சேரியும் தன் திண்ணையை முற்றிலும் இழந்துவிடவில்லை. மாலை வேளையில் கடற்கரைச் சாலையில் வாகனங்கள் நுழைய இசைவில்லை. அப்போது அமைச்சரும் அயல்நாட்டவரும் மீன்கூடை இறக்கி வந்த மூதாட்டியும் ஒரே சாலையில் நடக்கின்றனர். அங்கு நுழைவுச்சீட்டு இல்லை. கடற்காற்றுக்கு விலைப்பட்டியல் இல்லை. ஞாயிறுதோறும் மகாத்மா காந்தி வீதியில் கூடும் சந்தையில், எளியவர் பேரம் பேசிப் பிள்ளைகளுக்கு ஆடை வாங்குகின்றனர். நகரம் தன் மக்களிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் இடங்கள் இவை. இவற்றைக் காப்பது பழைய தூண்களைக் காப்பதினும் குறைந்த கடமையன்று.

கடல் இல்லாத மைசூருவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? யோகம் பயில உலகெங்கிலுமிருந்து மாணவர் வந்து தங்கும் கோகுலம் பகுதியில் வாடகை எவ்வாறு உயர்ந்தது என்பதை அங்குள்ள முதியோர் அறிவர். 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்ட 118 கிலோமீட்டர் விரைவுச்சாலையால் பெங்களூரு அருகில் வந்துவிட்டது. பெங்களூருவின் விலையும் அச்சாலை வழியே வரும். ஓய்வூதியர்க்கு ஏற்ற அமைதியான ஊர் எனப் பெயர் பெற்ற மைசூருவில், பூக்கட்டியும் கட்டட வேலை செய்தும் இரயில்வே பணிமனையில் உழைத்தும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வாடகை வீடுகளில் உள்ளன. அவர்களை வந்தேறிகள் என்பாரும் உண்டு. தேவராஜ சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசி, வீட்டில் தமிழில் கதை கேட்டு வளரும் பிள்ளைக்கு மைசூரு சொந்த ஊரா, வேற்றூரா? உழைப்பால் உரிமை பிறக்கும் என்றால், அப்பிள்ளையும் வீட்டாரே. அதே நியாயம் குருசுக்குப்பத்து மீனவர் பிள்ளைக்கும் பொருந்தும்.

விருந்தோம்பல் தமிழர் பண்பு. ஆனால் விருந்து என்பது வீட்டார் இருக்கும் வீட்டில் மட்டுமே நிகழும். வீட்டாரை வெளியேற்றிவிட்டு நடத்துவது விருந்தன்று, வணிகம். ஒரு நகரம் எத்துணை அழகாக இருக்கிறது என்பதனை அங்கு வந்து செல்வோர் கூறலாம். அது நல்ல நகரமா என்பதனை, அதன் தெருவைப் பெருக்குபவரும் மீனைச் சுமப்பவரும் உலையை மூட்டுபவரும் அந்நகரிலேயே உறங்க முடிகிறதா என்பதனைக் கொண்டே அறிய வேண்டும்.

சொற்பொருள்

தாழ்வாரம் – வீட்டின் முன் சாய்ந்து இறங்கிய கூரை உடைய பகுதி
உத்தரம் – கூரையைத் தாங்கும் குறுக்கு மரம்
பங்காளி – சொத்தில் உரிமைப் பங்கு உடையவர்
பிடாரி – ஊர்க் காவல் தெய்வம்
ஒண்ட – ஒதுங்கி இடம்பெற
வந்தேறி – வேற்றிடத்திலிருந்து வந்து குடியேறியவர்

பயிற்சி

1. பழைய தமிழர் வீட்டின் முகப்பு ஊருக்கு உரியதாக இருந்தது எவ்வாறு?
2. மரபு வீடுகள் விடுதிகளாக மாறுவதன் நன்மை ஒன்றும் தீமை ஒன்றும் எழுதுக.
3. ‘ஒண்ட வந்த பிடாரி’ என்னும் பழமொழியைக் கூறுமுன் நிதானிக்க வேண்டும் எனக் கட்டுரை கூறுவது ஏன்?
4. பிரித்து எழுதுக: விருந்தோம்பல், விலைப்பட்டியல், கடற்காற்று.
5. செயல்திட்டம்: நீங்கள் வாழும் தெருவில் இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்த கடைகளையும் இன்று உள்ள கடைகளையும் பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக. மறைந்தவை எவருக்குப் பயன்பட்டன? புதியவை எவருக்குப் பயன்படுகின்றன? பத்து வரிகளில் எழுதுக.